முக்கா முனையின் விளக்கு யாருக்கு வழிகாட்டியது என்பதையும் எழுதி வையுங்கள்

பினாங்கு மாநில அரசு, மலேசியக் கடல்துறை இலாகா, தேசிய மரபுடைமை இலாகா ஆகியவற்றின் மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பினாங்குத் தீவின் வடமேற்குக் கோடியில், கடல்மட்டத்திலிருந்து 242 மீட்டர் உயரத்தில், 1883ஆம் ஆண்டு முதல் நின்றுகொண்டிருக்கும் முக்கா முனைக் கலங்கரை விளக்கத்தைப் பற்றி உங்கள் மூவருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். சேர்த்து எழுதக் காரணம் உண்டு. விளக்கை எரியவைப்பது கடல்துறையின் பொறுப்பு. அது நிற்கும் காடு 2003ஆம் ஆண்டில் பினாங்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நிலம். அதன் வரலாற்று மதிப்பைக் காக்கும் சட்டமோ மரபுடைமை இலாகாவின் கையில் இருக்கிறது. இப்படிப் பல பொறுப்புகள் வந்து கூடும் இடத்தில், ஒருவர் செய்வார் என்று மற்றவர் இருந்துவிட, யாரும் செய்யாமல் போவது உலக வழக்கம். அந்த நிலை இந்தக் கோபுரத்துக்கு வரக்கூடாது என்பதற்காகவே உங்கள் அனைவரையும் ஒரே மடலில் அழைக்கிறேன்.

நான் பட்டர்வொர்த்தில் வாழும் ஓய்வூதியன். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எடுக்கும் வேலையில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தவன். என் தந்தையார் அதே துறைமுகத்தில், நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து தொங்கான் என்னும் சரக்குப் படகில் மூட்டை இறக்கியவர். என் தாயார் 1949ஆம் ஆண்டில், தம் பதினாறாவது வயதில், தமையனோடு நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி, கெடாவின் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தந்தையைத் தேடி வந்தவர். இந்த மடல் அவருடைய ஒரு நினைவிலிருந்து தொடங்குகிறது.

பயணத்தின் கடைசி இரவில், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களை யாரோ எழுப்பினார்களாம். கிழக்கே, இருட்டில், கடலுக்கு வெகு உயரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கப்பல் விளக்கென்றால் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து தெரியவேண்டும். இதுவோ வானத்தில் நின்றது. "அண்ணாமலைத் தீபம்னு நெனச்சு எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டோம்" என்று அம்மா சொல்வார். திருவண்ணாமலை பக்கத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி அங்கேயே கீழே விழுந்து வணங்கினாராம். விடிந்த பிறகுதான் அது காடு மூடிய ஒரு மலை என்றும், அதன் உச்சியில் ஒரு கோபுரம் இருக்கிறது என்றும் அவர்களுக்குத் தெரிந்தது. கடைசிவரை அம்மா அதை மலைத்தீபம் என்றே குறிப்பிட்டார்.

அந்த மலைத்தீபம் முக்கா முனைதானா என்று பல ஆண்டுகள் எனக்கு ஐயம் இருந்தது. பதினாறு வயதுப் பெண் இருட்டில் கண்டதை அறுபது ஆண்டுகள் கழித்துச் சொல்கிறார்; அது வேறு எந்த விளக்காகவும் இருந்திருக்கலாம். ஆகவே ஓய்வுபெற்ற பிறகு கடல்வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாகப்பட்டினத்திலிருந்து வரும் கப்பல் வங்கக் கடலைக் கடந்து, நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடைப்பட்ட வழியில் நுழைந்து, தென்கிழக்காகத் திரும்பி மலாக்கா நீரிணைக்குள் வரும். அந்தத் திசையிலிருந்து பினாங்கை நெருங்கும் எவருக்கும் தீவின் வடமேற்கு மூலைதான் முதலில் எதிர்ப்படும். 242 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒருவனுக்கு அடிவானம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். கப்பலின் தளம் தண்ணீருக்கு மேல் 10 மீட்டர் உயரம் என்று கொண்டால் அதோடு இன்னும் 11 கிலோமீட்டர் சேரும். விளக்கின் வலிமையும் காற்றில் உள்ள ஈரமும் அந்தத் தொலைவைக் குறைக்கும் என்றாலும், தெளிந்த இரவில், மணிக்கு 24 கிலோமீட்டர் போல வந்த ஒரு கப்பலிலிருந்து, மலையை நெருங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த ஒளியைப் பார்த்துக்கொண்டே வந்திருக்க முடியும். கோபுரத்தின் உயரம் வெறும் 14 மீட்டர். மீதி உயரத்தை மலை கொடுத்திருக்கிறது. அதனால்தான் ஒளி வானத்தில் நின்றதுபோல் தெரிந்தது. அம்மாவின் நினைவில் பிழையில்லை.

இந்தக் கணக்கைப் போட்ட நாளில் எனக்கு இன்னொன்றும் புலப்பட்டது. அம்மா கண்டதை அவர் மட்டும் காணவில்லை. 1883இல் இந்த விளக்கு ஏற்றப்பட்டபோது, தமிழகத்திலிருந்து மலாயாவுக்குச் சஞ்சிக்கூலிகளாக, அதாவது ஒப்பந்தக் கூலிகளாக, ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம். 1910இல் அந்த முறை ஒழிந்த பிறகும் கங்காணிகள் வழியாக ஆட்கள் வந்தார்கள். 1938இல் அதுவும் நிறுத்தப்பட்டது. அதன் பின்னரும் தந்தையைத் தேடியும் கணவனைத் தேடியும் வியாபாரத்துக்காகவும் வந்தவர்கள் உண்டு. ரஜுலா 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடியது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் தீப்பற்றியதோடு, அந்தக் கடல்வழிப் பயணமும் முடிவுக்கு வந்தது. 1883 முதல் 1985 வரை என்றால் 102 ஆண்டுகள். மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்கள் இந்த நாட்டில் முதன்முதலாகக் கண்ட பொருள், இரவில் வந்தவர்களுக்கு அந்த ஒளி. பகலில் வந்தவர்களுக்கு அந்த மலை. மண்ணை மிதிப்பதற்கு முன், புலாவ் ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக்காக அடைத்து வைக்கப்படுவதற்கு முன், எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்படுவோம் என்று தெரிவதற்கு முன் அவர்கள் கண்டது அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், பினாங்கின் கடல் வரலாற்றைப் பற்றிய ஒரு கண்காட்சிக்கு என் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போனேன். முக்கா முனைக் கோபுரத்தின் படத்துக்குக் கீழே அதன் ஆண்டும் உயரமும் எழுதியிருந்தன. பிரிட்டிஷார் கட்டியது என்றும் எழுதியிருந்தது. அவ்வளவுதான். அதன் கருங்கற்களை அந்தச் செங்குத்தான காட்டில் யார் சுமந்து ஏற்றினார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஒளியைப் பார்த்து வந்து சேர்ந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. "தாத்தா, பாட்டி பார்த்த லைட்டு இதுவா?" என்று பேத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப ஏன் இதுல எழுதல?" என்றாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு எனக்கு மட்டும் உரியது அல்ல என்று நினைப்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த விளக்கு தனித்துப் பிறந்தது அல்ல. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்ட பிறகு நீராவிக் கப்பல்களின் போக்குவரத்து மலாக்கா நீரிணையில் பெருகியது. பேராக்கின் ஈயமும் சுமத்திராவின் புகையிலையும் பினாங்கு வழியாக வெளியேறின. இரவில் வந்து சேரும் கப்பல் வழி தெரியாமல் வெளியே காத்துக்கிடந்தால் கப்பல்காரருக்கு இழப்பு. துணிந்து உள்ளே வந்தால் பாறையும் மணல்திட்டும் காத்திருக்கும். ஆகவே அடுத்தடுத்து மூன்று விளக்குகள் எழுந்தன. 1882இல் கார்ன்வாலிஸ் கோட்டையின் மூலையில், கப்பலின் பாய்மரம் போன்ற தோற்றத்தில் ஓர் இரும்புக் கோபுரம். 1883இல் வடக்கு வாயிலுக்கு முக்கா முனை. 1885இல் தெற்கு வாயிலுக்குப் புலாவ் ரீமாவ். வெளியே ஒன்று அழைக்க, உள்ளே ஒன்று வரவேற்க, மறுபக்கத்தை ஒன்று காக்க என்று அவை ஒரு குடும்பமாகவே நின்றன. கலம் என்றால் மரக்கலம்; கரைதல் என்றால் கூவி அழைத்தல். கலங்களைக் கூவி அழைக்கும் விளக்கு என்பதே கலங்கரை விளக்கம் என்னும் பழந்தமிழ்ப் பெயரின் பொருள். கோட்டையிலுள்ள விளக்கு இன்று கப்பல்களுக்கு வழிகாட்டுவதில்லை. முக்கா முனைக்கோ அந்தப் பெயரின் முழுப் பொருளும் பொருந்தும்.

முக்கா என்னும் மலாய்ச் சொல்லுக்கு முகம் என்று பொருள். நாம் முகம் என்று சொல்வதற்கும் அவர்கள் முக்கா என்று சொல்வதற்கும் உள்ள உறவைக் கேட்கும் காதே உணர்ந்துகொள்ளும். துறைமுகம் என்ற நம் சொல்லிலும் அதே முகம் இருக்கிறது. துறைமுகத்தின் முகமாக நிற்கும் ஒரு முனைக்கு முகம் என்றே பெயர் அமைந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் சேர்ந்து உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றதை நாம் அனைவரும் பெருமையோடு கொண்டாடுகிறோம். அந்தப் பட்டியலில் நம் நகரின் பெயர் மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள் என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கிறது. நீரிணை என்ற சொல் தலைப்பிலேயே உள்ளது. ஆனால் காக்கப்படும் எல்லை, மையப் பகுதியும் அதைச் சூழ்ந்த பகுதியும் சேர்ந்து, ஏறத்தாழ 259 ஹெக்டர் நகர நிலம் மட்டுமே. கோட்டையின் விளக்கு அந்த எல்லைக்குள் இருக்கிறது. நீரிணையை நோக்கி நிற்கும் முக்கா முனையும் புலாவ் ரீமாவும் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. அந்த எல்லையை மாற்றக் கேட்பது என் நோக்கமல்ல. அது எளிதல்ல என்று அறிவேன். ஆனால் நகரத்தைக் காக்கும் அதே அக்கறை, நகரத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த கடல்வழிக்கும் வேண்டும். படகுக்காரத் தெரு என்று நம் முன்னோர் அழைத்த கிங் ஸ்திரீட்டையும், கப்பல் பயணிகள் காணிக்கை செலுத்திய நாகூர் தர்காவையும் காத்து வைத்துவிட்டு, அவர்கள் வந்த வழியின் விளக்கை மறந்தால் கதை பாதியிலிருந்து தொடங்கியதாகிவிடும்.

என் வேண்டுகோள்களில் முதலாவது கட்டடத்தைப் பற்றியது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும், 2011ஆம் ஆண்டின் பினாங்கு மாநில மரபுடைமைச் சட்டமும் நம்மிடம் உள்ளன. மூன்று கலங்கரை விளக்கங்களையும் ஒரே தொகுதியாகக் கருதி, இந்தச் சட்டங்களின் முழுப் பாதுகாப்பும் அவற்றுக்கு உண்டு என்பதைப் பொதுமக்கள் அறிய வெளிப்படையாக அறிவியுங்கள். கடற்காற்றில் உப்பு உண்டு. காட்டில் ஈரம் உண்டு. பறவை போட்ட ஆலவிதை கல்லிடுக்கில் முளைத்தால் சில ஆண்டுகளில் அதன் வேர் கல்லைப் பிளக்கும். அந்தக் காலத்துக் கல் கட்டடத்தில் சிமெண்டைப் பூசிச் செப்பனிட்டால், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லையே அரிக்கும் என்பதை ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளைப் புதுப்பித்தவர்கள் பட்டறிந்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கைதேர்ந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை மலைக்கு அனுப்புங்கள். விளக்கின் பழைய கருவிகளையும் கண்ணாடி வில்லைகளையும் மாற்ற நேரும்போது, அவற்றைப் பழைய இரும்பாகக் கழித்துவிடாமல் பாதுகாத்து வையுங்கள்.

1953ஆம் ஆண்டின் விளக்குக் கட்டணச் சட்டத்தின்படி கப்பல்களிடமிருந்து பெறும் தொகை கடற்பயணப் பாதுகாப்புக்கு உரியது என்பதைத் துறைமுகத்தில் வேலை செய்த எவரும் அறிவர். அந்தப் பணத்தில் வரலாற்றுப் பணியையும் செய்யுங்கள் என்று கடல்துறையிடம் கேட்பது முறையல்ல. விளக்கைக் கடல்துறை காக்கட்டும். அதன் கதையைக் காக்கும் செலவை மாநில அரசும் மரபுடைமை இலாகாவும் ஏற்கட்டும்.

அடுத்தது ஏடுகள். கலங்கரை விளக்கக் காவலர்கள் நாள்தோறும் வானிலையையும் விளக்கின் நிலையையும் ஏட்டில் குறித்து வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். முக்கா முனையின் ஏடுகளில் எஞ்சியவை எங்கிருந்தாலும் அவற்றை ஒன்றுசேர்த்து, படியெடுத்து, ஆய்வாளர்களும் குடும்பங்களும் பார்க்கும்படி திறந்து வையுங்கள். மலையுச்சியில் மேகம் இறங்கிவிட்டால் உயரத்து விளக்கே கப்பலுக்குத் தெரியாமல் போகும். அப்படிப்பட்ட இரவுகளில் காவலுக்கு இருந்தவர்கள் என்ன குறித்தார்கள் என்று படிக்க எனக்கு ஆசை. அங்கே காவல் இருந்தவர்களின் குடும்பங்களும் தங்கள் தாத்தாக்களின் கையெழுத்தைக் காண ஆசைப்படும்.

மூன்றாவதுதான் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது. அதற்குத்தான் காலமும் குறைவாக இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் இன்று எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள்? 1950களின் தொடக்கத்தில் இருபது வயதில் வந்தவருக்கு இன்று தொண்ணூறைத் தாண்டியிருக்கும். ரஜுலாவின் கடைசிப் பயணங்களில் கைக்குழந்தையாக வந்தவருக்கே ஐம்பது வயது கடந்துவிட்டது. அவர்கள் சுங்கை பட்டாணியிலும் நிபோங் திபாலிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் பிள்ளைகளின் வீடுகளில் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். கப்பலில் என்ன உண்டார்கள், யார் நோயுற்றார்கள், எந்த இரவில் ஒளியைக் கண்டார்கள், கரையில் யார் வந்து அழைத்துப் போனார்கள் என்று கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு, அவர்களின் பேச்சுத் தமிழ் புரிந்த இளைஞர்களை அவர்களிடம் அனுப்புங்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடு இதில் வேண்டாம். மீன்பிடிக்கப் போய்த் திரும்பும்போது இந்த ஒளியைப் பார்த்து வழிகண்ட, முனைக்கு அருகிலுள்ள தெலுக் பாஹாங் ஊரின் மலாய் மீனவர்களும், தென்சீனத்திலிருந்து வந்து இதே நீரிணையில் கப்பலோட்டியவர்களின் பிள்ளைகளும் சொல்லும் கதைகளும் அந்தத் தொகுப்பில் சேரவேண்டும்.

அவ்வாறு திரட்டியவற்றை மலையுச்சியில் மட்டும் வைக்காதீர்கள். தெலுக் பாஹாங்கிலிருந்து காட்டுப்பாதையில் குரங்குக் கடற்கரை வரை நடந்து, பிறகு மலையேறவேண்டும். கடைசி ஏற்றம் செங்குத்தானது. அறுபத்தெட்டு வயதில் நான் ஏறியபோது வழியில் ஐந்தாறு முறை உட்கார்ந்தேன். தொண்ணூறு வயதுக்காரர்கள் அங்கே போக முடியாது. ஆகவே பூங்காவின் நுழைவாயிலிலும், ஜார்ஜ் டவுனில் அவர்கள் வந்து இறங்கிய கரையோரத்திலும் தகவல் பலகைகளை நிறுவுங்கள். அவற்றில் மலாயும் ஆங்கிலமும் சீனமும் இருக்கட்டும், தமிழும் இருக்கட்டும். தமிழ் எழுதும்போது இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே பொறித்துவிடாமல், தமிழறிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டிப் பிழை திருத்தியபின் பொறியுங்கள். பிழையான தமிழைப் பொதுப் பலகைகளில் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவன் என்ற முறையில் இதைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டில் சில நாள்களாவது, முறையாக அறிவித்து, பொதுமக்கள் கோபுரத்தின் உள்ளே சென்று பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு மாசி மகம் பொருத்தமான நாள் என்று எனக்குத் தோன்றுகிறது. தெலுக் பாஹாங்கில் சிங்கமுகக் காளியம்மன் ஆண்டுதோறும் அந்நாளில் தெப்பத்தேரில் கடலுக்குள் எழுந்தருளுகிறாள். விளக்கு நிற்கும் முனைக்கு அருகிலுள்ள கடலில் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடும் நாள் அது. அன்று மாலை கரையில் நிற்கும் பிள்ளைகளுக்கு, மலைக்கு அப்பால் உள்ள விளக்கின் கதையைச் சொல்ல ஓர் எளிய கூடாரமும் நான்கு படங்களும் போதும். பெருஞ்செலவு ஆகாது.

கடல்துறையிடம் இன்னும் ஒன்று. இன்று கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் வழிகாட்டுகிறது. மாலுமிக்கு மலைவிளக்கு தேவையில்லை என்று சொல்லும் நாள் வரலாம். கோட்டையின் விளக்குக்கு நேர்ந்தது முக்கா முனைக்கும் நேரலாம். அப்படி ஒரு முடிவு எடுக்க நேர்ந்தாலும், விளக்கை அணைத்துவிடாமல், சிறிய ஒளியாகவேனும் எரியவிடுங்கள். செயற்கைக்கோள் குறியீடு தடைப்படும் இரவும், கருவி பழுதாகும் சிறு படகும் என்றும் உண்டு. சிறுபடகு மீனவனுக்கு அந்த ஒளி இன்னமும் வேண்டும்.

என் தாயார் 84 வயதில் காலமாவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அவரது பயணக் கதையை நாற்பது நிமிடங்கள் கைப்பேசியில் பதிவுசெய்தேன். நடுவில் மின்விசிறிச் சத்தமும் பக்கத்து வீட்டுச் சேவலின் குரலும் கலந்திருக்கின்றன. நீங்கள் அத்தகைய தொகுப்பைத் தொடங்குவீர்களானால், அதன் முதல் பதிவாக இதைக் கொடுக்கச் சித்தமாக இருக்கிறேன். என் தெருவிலேயே கப்பலில் வந்தவர்கள் இன்னும் மூவர் உள்ளனர். அவர்களில் இருவர் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாமவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அருகில் அமர்ந்து உரக்கக் கேட்டால் அவரும் பதில் சொல்வார். எந்த நாளில் வருகிறீர்கள் என்று தெரிவித்தால், அவர்களுடைய வீடுகளுக்கு நானே அழைத்துச் செல்வேன்.

இப்படிக்கு,
துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவன்,
பட்டர்வொர்த், பினாங்கு.